வேலாத்தாளிடம் எதைக் கேட்பது: துயரப் பாத்திரத்தை வினாக்களால் அறியும் முறை

எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்குப் போகிற பெரியவர்கள், சாவு எப்படி நேர்ந்தது என்று வீட்டுக்காரியிடம் நேராகக் கேட்கமாட்டார்கள். ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எருமைக்குத் தண்ணி காட்டியாச்சுங்களா?" என்பது போல எதையாவது கேட்பார்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் நான் உடனிருந்த அன்று, அதுவரை கண்ணில் ஈரமே காட்டாத ஓர் அம்மா அந்தக் கேள்விக்குத்தான், "அவரு ஊத்துனாத்தானுங்க அது குடிக்கும்" என்று சொல்லி ஓவென்று அழுதார். மிகைபுனைவில், அதாவது மாயம் நிகழும் கற்பனை உலகக் கதையில், பெருந்துயர் பட்ட ஒரு பாத்திரத்தை எழுத விரும்புகிறவர்களுக்கு அந்தப் பெரியவரின் முறையையே நான் சொல்வேன்: காயத்தைப் பற்றிக் கேட்காமல், காயம்பட்டவரின் அன்றாடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்.

"உனக்கு என்ன நடந்தது?" என்று தொடங்குவதுதான் வழக்கமாக நேரும் பிழை. அதற்கு வருகிற விடை, ஊர் எரிந்தது, உறவுகள் மாண்டார்கள், பழிவாங்கப் புறப்பட்டேன் என்ற அளவில் நின்றுவிடும். பெயரை மாற்றினால் அது எந்தக் கதைக்கும் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலைப் பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அங்கு நடந்த அகழாய்வுகளில் மணி செய்த பட்டறைகளின் தடயங்களும் ஈமக் குழிகளில் இட்ட சூதுபவள மணிகளும் கிடைத்துள்ளன. அந்த மண்ணை ஒட்டி ஒரு கற்பனை ஊரை அமைத்து, அதில் மணிக்குத் துளையிடும் வேலாத்தாள் என்ற பெண்ணை வைக்கிறேன். இறந்தவர் அணிந்திருந்த மணியை உள்ளங்கையில் மூடினால் அவருடைய கடைசிப் பேச்சு அவளுக்குக் கேட்கும். ஆனால் அப்படிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் தன் நினைவுகளில் ஒன்றை அவளே தேர்ந்து இழந்தாக வேண்டும். அவளுடைய பதினான்காம் வயதில், கொள்ளையர் வந்த இரவில், ஊர்க்கதவுக்குத் தாழ் போட்டவள் அவள்தான். தம்பி வெளியே நின்றுவிட்டான்.

வினாவையும் அவள் சொல்லும் விடையையும் நீங்களே குறிப்பேட்டில் எழுதிப் போக வேண்டும். முதலில் உடம்பையும் வீட்டையும் பற்றிக் கேளுங்கள். எங்கே படுக்கிறாள், எந்த ஓசைக்கு விழிக்கிறாள், எந்த வேலையைப் பிறரிடம் தள்ளிவிடுகிறாள்? நான் கேட்டபோது கிடைத்த விடை இது: அவள் ஆட்டுப்பட்டியின் படலுக்குக் கொண்டி வைக்கவில்லை, கயிற்றால்தான் கட்டுகிறாள், அதுவும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக. இரவில் மூன்று முறை எழுந்து, படல் கட்டியிருக்கிறதா என்பதைப் பார்க்காமல், அவிழ்க்க வருகிறதா என்பதை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மீண்டும் படுக்கிறாள். அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமலே படிப்பவருக்கு ஏதோ நடந்திருக்கிறது என்பது புரிந்துவிடும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-இல் தன் நோய்வகைக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய இத்தகைய நிலையைத் தனியொரு கோளாறாகச் சேர்த்தது. நடந்தது மீண்டும் மீண்டும் கண்முன் வருதல், அதை நினைவூட்டுவதை விட்டு விலகுதல், உணர்வு மரத்துப்போதல், ஓயாத விழிப்பு ஆகியவை அதன் முக்கியமான குறிகள். எழுதுகிறவருக்கு இது தெரிந்திருப்பது நல்லது. பாத்திரத்துக்குத் தெரிந்திருக்கக் கூடாது. ஆகவே, அவளுடைய ஊரார் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பயந்த கோளாறு என்று வேப்பிலை அடித்துக் கயிறு கட்டுகிறார்களா, சாபம் என்று ஒதுக்குகிறார்களா, அல்லது பொழைக்கத் தெரிந்தவள் என்று புகழ்கிறார்களா? கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்கு மிகவும் வலிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து அவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களிடம் போங்கள். ஆடு மேய்க்கும் பையனைக் கேட்டேன். "'அக்கா'ன்னு கூப்பிட்டா அந்தம்மா திரும்பாதுங்க. 'ஏனுங்க'ன்னாத்தான் திரும்பும்" என்றான். இதை வேலாத்தாள் ஒருநாளும் தானாகச் சொல்லியிருக்கமாட்டாள்.

பொய்களைப் பற்றியும் ஒரு வினா வேண்டும்: அந்த இரவை யாரிடம் எப்படி மாற்றிச் சொல்கிறாள்? "ஏன்" என்று தொடங்கும் வினாக்களைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். அவை பாத்திரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகின்றன. விடைகளை அவள் வாய்மொழியிலேயே எழுதுங்கள். சொல்ல மறுத்தால் அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டு, மறுத்தாள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் உயிரோடு இருக்கும் மனிதர்களிடம் இந்த வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கைப்பழக்கத்துக்கு, கொங்கு நாட்டு வாய்மொழிக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையில் வரும் தங்கை தங்காளை எடுத்துக்கொள்ளலாம். உடுக்கடிப் பாட்டில் அவளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, படுகளத்தில் விழுந்து கிடக்கும் பொன்னரையும் சங்கரையும் தேடிப்போய் அவள் எழுப்புவது தெரியும். எழுந்த அண்ணன்மார் நிலைத்து வாழவில்லை என்பதும் தெரியும். அவளிடம் அழுகையைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. காட்டு வழியில் என்ன தின்றாய், எழுந்தவர்களிடம் முதலில் என்ன பேசினாய், இரண்டாம் முறை போக எப்படி விட்டாய் என்று கேட்டு எழுதிப் பாருங்கள்.

மிகைபுனைவுக்கே உரிய வினா ஒன்று இருக்கிறது, அதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்: அந்த உலகத்தின் மாய விதி அவளுடைய காயத்தை எந்த இடத்தில் தொடுகிறது? வேலாத்தாள் நினைவுகளைக் கொடுத்து இறந்தோர் பேச்சைக் கேட்கிறவள் என்பதால், முதலில் எதைக் கொடுத்தாய் என்று கேட்டேன். கதவடைத்த இரவைத்தான் முதலில் தொலைத்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். எழுத எழுத வேறாக வந்தது. அம்மா வைத்த கம்மஞ்சோற்றின் ருசியைக் கொடுத்திருந்தாள். தம்பியோடு ஆற்றில் மணல் அரித்து மணி தேடிய நாள்களை, யாரோ ஒரு விதவை கேட்டாள் என்பதற்காக, ஒவ்வொன்றாகக் கொடுத்திருந்தாள். அந்த இரவை மட்டும் கொடுக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று அவன் "அக்கா" என்று கூப்பிட்டது அதற்குள் இருந்தது. அவனுடைய குரல் என்று அவளிடம் மிஞ்சியது அவ்வளவுதான். பையன் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இது கிடைத்த பிறகு கதையின் முடிச்சைத் தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை: என்றாவது ஒருநாள் தம்பியின் கழுத்துமணி அவள் கைக்கு வரும், அதைக் கேட்கக் கொடுப்பதற்கு அவளிடம் வேறு நினைவு இருக்காது.

வினாக்களை எப்போது நிறுத்துவது என்று கேட்பார்கள். நான் நிறுத்தியது அவள் என்னைக் கேட்ட அன்று. பட்டியைப் பற்றிய சாதாரண விடை ஒன்றின் நடுவில், "தாழைப் போடுன்னு எனக்குச் சொன்னது யாருங்க?" என்று என் கை எழுதியிருந்தது. பதினான்கு வயதுப் பெண் தானாகவே ஊர்க்கதவை அடைத்திருப்பாள் என்று அதுவரை எண்ணியிருந்த நான், குறிப்பேட்டை மூடிவிட்டு முதல் அத்தியாயத்தைத் தொடங்கினேன்.