அடைத்த கடைவாய்ப் பல் உடையாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருடக்கணக்கில் தொந்தரவு தராமல் இருந்த பெரிய அடைப்பு. ஒரு நாள் சாதாரணமாக எதையோ மெல்லும்போது பல்லின் ஒரு பக்கம் பிளந்து கையோடு வந்துவிடுகிறது. கடித்த பொருள்மேல்தான் பழி விழும். ஆனால் அந்தப் பல் அடைக்கப்பட்ட அன்றே பலமிழந்திருக்கும்.

கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில், பக்கத்துப் பற்களைத் தொடும் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் வரப்பு போல ஒரு மேடு உண்டு. கடிக்கும்போது பல்லின் கன்னப்பக்கச் சுவரும் நாக்குப்பக்கச் சுவரும் விலகாமல் பிடித்து வைப்பவை இவைதான். 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களை வைத்து இதை அளந்தார்கள். வேர் சிகிச்சைக்காக (ரூட் கெனால்) நடுவில் துளை மட்டும் போட்டபோது பல்லின் விறைப்பு சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது. மேற்பரப்பில் மட்டும் குழி வெட்டியபோது 20 சதவீதம். முன், பின் என இரண்டு வரப்புகளையும் வெட்டி எடுத்தபோது 63 சதவீதம்!

அதனால் 'வேர் சிகிச்சை செய்தால் பல் காய்ந்து உடையும்' என்று பயந்து சிகிச்சையையே தள்ளிப்போடுவது முதல் தவறு. வேர் சிகிச்சை செய்த பல்லின் ஈரத்தை உயிருள்ள பல்லோடு ஒப்பிட்டு அளந்தபோது சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. பல்லைப் பலவீனமாக்குவது பெரும்பாலும் சொத்தையும் பழைய அடைப்பும் தின்றுபோன சுவர்கள்தான். காத்திருந்தால் அந்த இழப்பு கூடத்தான் செய்யும்.

இரண்டாவது தவறுதான் மிகப் பெரியது: வேர் சிகிச்சைக்குப் பின் வலி போய்விட்டது என்று, பல்லை முழுதாக மூடும் உறையான கேப்பைப் போடாமல் விட்டுவிடுவது. தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் மெல்பவர்கள் உண்டு. அந்த அடைப்பு சுவர்களைச் சேர்த்துப் பிடிக்காது. கடியின் விசை அவற்றை ஆப்பு போலப் பிரிக்கும். உடைவு ஈறுக்கு மேலே நின்றால் பெரும்பாலும் காப்பாற்றலாம். வேர்வரை நெடுக்காகப் பிளந்துவிட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழி அநேகமாக இல்லை. இத்தனை சிரமப்பட்டுக் காப்பாற்றிய பல் இப்படிப் போவது உண்மையிலேயே வேதனை.

அதற்காக எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டும் என்றில்லை. இரண்டு வரப்புகளும் நன்றாக இருந்து, துளையும் சிறியதாக இருந்தால், ஒட்டும் கலவையால் அடைத்தாலே போதும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். மிஞ்சிய சுவர் 2 மில்லிமீட்டருக்கும் மெல்லியது என்றால் அந்தச் சுவரின் உச்சி முனையை மூடுவதுதான் பாதுகாப்பு. பல்லைச் சுற்றிலும் தேய்க்காமல், அந்த முனைகளை மட்டும் மூடும் ஆன்லே முறையும் இருக்கிறது. 'எத்தனை சுவர் மிச்சம் இருக்கிறது, எவ்வளவு தடிமன்?' என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், போஸ்ட் (வேருக்குள் இறக்கும் சிறு கம்பி) வைத்தால் பல் பலமாகும் என்ற நம்பிக்கை. போஸ்டின் வேலை, மேலே கட்டும் பகுதியைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே. அதற்காக வேரைக் குடைந்தால் வேர்ச்சுவர் மெலிந்துபோகும். கேப் நீடிக்க முக்கியமானது, ஈறுக்கு மேலே சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுற்றிலும் சொந்தப் பல் மிஞ்சியிருப்பது.

கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் 'சுரீர்' என்று ஒரு வலி வந்து மறைகிறதா? விரிசலின் அடையாளமாக இருக்கலாம். மறுபக்கம் மென்று சமாளிக்காதீர்கள். விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது என்பதால், எந்தப் பக்கம், எதைக் கடித்தபோது, கடிக்கும்போதா விடும்போதா என்று சரியாகச் சொன்னால் மருத்துவருக்குப் பெரிய உதவி. வாயை மூடும்போது புதிதாக அடைத்த பல் மட்டும் முதலில் இடித்தாலும் 'பழகிவிடும்' என்று விடாமல் சரிசெய்துகொள்ளுங்கள்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பதும் தவறுதான். காலையில் தாடை கனத்திருப்பது, பல் தேய்ந்து தட்டையாவது போன்றவை அறிகுறிகள். அப்படிப்பட்டவர்களுக்கு இரவில் பற்களில் மாட்டும் கவசமான நைட் கார்டு தேவைப்படலாம். கேப்புக்கான பொருளையும் அந்தப் பழக்கத்தை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.