பங்குனியில சாடி மாத்தாதீங்கோ: வன்னி வீட்டுச் செடிகளுக்கு இளவேனில் பராமரிப்பு

கனடாவில் இருக்கிற மச்சாள் ஒரு பங்குனி மாதம் வட்ஸ்அப்பில் சொன்னா: "ஸ்பிரிங் வந்திட்டுது மச்சாள். செடியளைப் பெரிய சாடிக்கு மாத்துங்கோ, பசளை போடுங்கோ, தண்ணியைக் கூட்டுங்கோ." அவவுக்கு அது சரி. அங்க பனி கரைய, செடி நித்திரையால எழும்புது. நான் இலங்கையின்ர வன்னிப் பக்கம், ஓமந்தையில இருந்துகொண்டு அதை அப்பிடியே செய்தன். பதினொரு சாடியில ஏழு, சித்திரைப் புதுவருசத்துக்கு முதலே பட்டுப்போச்சு.

எங்கட செடி எழும்பிறது மாரி விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற தை, மாசியில. பங்குனி, சித்திரையில அது உயிரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாலே காணும். அதால வேலையளை இப்பிடிப் பிரியுங்கோ.

முதல் வேலை: சாடி மாத்துறது (மாசி முடிய முன்னம்)

செம்மண் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, நல்லா உக்கின மாட்டெரு அரைப்பங்கு, கொஞ்சம் ஆத்துமணல். அளவு முன்னப்பின்ன இருந்தால் குறையில்லை. தும்புத்தூளை மட்டும் கழுவாமல் போடாதீங்கோ. அதில உப்பு இருக்கும். ஊறவிட்டுப் பிழியேக்க தேத்தண்ணி நிறத்தில வாற தண்ணி வெளிறுமட்டும் கழுவுங்கோ. புதுச்சாடி பழையதை விட இரண்டு விரல் அகலம் கூட இருந்தால் போதும்.

மண்சாடி வடிவுதான், ஆனால் வெயில் காலத்தில அது பக்கத்தாலயும் ஈரத்தை விட்டிடும். நான் பிளாஸ்டிக் பக்கம். அடியில ஓட்டை போட்ட பால்மா ரின்னும் பிழையில்லை, துருப்பிடிக்கிறது ஒண்டுதான்.

இரண்டாவது: இடம்

தை மாதத்தில மத்தியான வெயில் தெற்குப் பக்கத்தால சரிஞ்சு வரும். ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில சூரியன் இலங்கைக்கு நேர் மேலால வடக்குக்குப் போகும். பிறகு ஆவணி வரைக்கும் வடக்கு விறாந்தையில வெயில் விழும். வருசம் முழுக்க நிழல் எண்டு நினைச்சு நான் அங்க வைச்ச அந்தூரியத்தின்ர இலையெல்லாம் வைகாசியில வெளிறிக் கருகினது இதாலதான். தகரக் கூரைக்குக் கீழ தொங்கவிட்ட சாடியளையும் இறக்கி நிலத்தில வையுங்கோ.

மூன்றாவது: தண்ணி

என்ர ஏழு செடியும் செத்த இடம் இதுதான். காலமையும் பின்னேரமும் ஊத்தினன். ஊத்தின உடன கீழ்த்தட்டு நிரம்பும். கூடிப்போச்சாக்கும் எண்டு ஊத்திறதைக் குறைச்சன், செடி இன்னும் வாடிச்சு. கடைசியில செத்ததொண்டைச் சாடியோட கவிட்டுப் பார்த்தன். நடுவில வேர்க்கட்டி மாத்தூள் மாதிரிக் காய்ஞ்சு கிடக்கு! வெக்கைக்கு மண் சுருங்கிச் சாடியின்ர பக்கத்தை விட்டு விலகியிருக்கு. ஊத்தின தண்ணி முழுக்க அந்த இடைவெளியால இறங்கித் தட்டுக்குப் போயிருக்கு. வேருக்கு ஒரு சொட்டும் போகேல்லை.

இப்ப செய்யிறது இது. பேசின் ஒண்டில அரைச்சாடி உயரத்துக்குத் தண்ணி விட்டு, சாடியை அதுக்குள்ள வைச்சிடுவன். மேல்மண் தானா ஈரமாகுமட்டும், அரை மணித்தியாலம் அளவில. பிறகு எடுத்து வடியவிடுறது. மண் திரும்ப ஊதிப் பக்கத்தை அடைச்சிடும், அதுக்குப் பிறகு மேலால ஊத்தலாம். கீழால மட்டும் குடிக்கவிட்டால் மேல வெள்ளை உப்புப் படியும். மாதம் ஒருக்கா மேலால நல்லா ஊத்திக் கழுவிவிடுங்கோ.

ஈரம் பார்க்கிற மீற்றர் ஒண்டும் வாங்கினனான், காசுக்குக் கேடு. ஈர்க்கு ஒண்டை அடிவரை குத்தி இழுங்கோ. மண் ஒட்டி வந்தால் விடுங்கோ, துடைச்ச மாதிரி வந்தால் ஊத்துங்கோ. மருள் (ஸ்நேக் பிளான்ட்), கற்றாழைக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அதுகள் இரண்டு கிழமை தண்ணி காணாட்டிலும் நிக்கும். மருள் எங்கட காட்டிலயே நிக்கிற சாதிதானே.

நாலாவது: பசளை

பங்குனி, சித்திரையில வேண்டாம். வாடி நிக்கிற செடிக்குப் பசளை போட்டால் வேர் எரியும்.

பிறகு சேர்த்தது

இதை வாசிச்ச பலர் கேட்டது: தண்ணி சரி, ஆனால் டிரசீனாவிலயும் ஸ்பைடர் பிளான்ட்டிலயும் இலை நுனி மட்டும் மண்ணிறமாக் கருகுது, ஏன்? முதல்ல நான் வெயில் எண்டு சொல்லிட்டன். பிழை. எங்கட பக்கத்துக் குழாய்க்கிணறு கனதில, தண்ணியில கரைஞ்சிருக்கிற புளோரைட் எண்ட உப்பு கூட. இந்த இரண்டு சாதியும் அதைத் தாங்காது, இலை நுனியில கொண்டுபோய்ச் சேர்க்கும். கொதிக்க வைச்சாலும், இரவு முழுக்க வாளியில வைச்சாலும் புளோரைட் போகாது. மாரியில கூரைத் தண்ணியை மூடின பரலில பிடிச்சு வைச்சு, இதுகளுக்கு மட்டும் அதை ஊத்துங்கோ. சுப்பர் பொஸ்பேற் பசளையும் போடாதீங்கோ, அதிலயும் புளோரைட் இருக்கு. கருகின நுனி திரும்பப் பச்சையாகாது, கத்தரிக்கோலால சரிச்சு வெட்டிவிடலாம்.

ஒரு தங்கச்சி, குடிதண்ணி சுத்தமாக்கிற ஆர்ஓ வடிகட்டியில கழிவா வாற தண்ணியை வீணாக்கக்கூடாதெண்டு செடிக்கு ஊத்தியிருக்கிறா. வடிகட்டி பிரிச்செடுத்த உப்பும் புளோரைட்டும் அதிலதான் செறிஞ்சு நிக்கும். அதை முற்றம் கழுவப் பாவியுங்கோ.

கீழ்த்தட்டுகளில மணல் நிரப்பிவிடுங்கோ. வெறும் தண்ணி நிண்டால் டெங்கு நுளம்பு முட்டையிடும், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாலும் பேச்சுத்தான். போத்திலில வைச்ச மணி பிளான்ட்டுக்குக் கிழமைக்கு ஒருக்கா தண்ணி மாத்தேக்க, போத்திலின்ர உள்பக்கத்தையும் தேய்ச்சுக் கழுவுங்கோ. முட்டை கண்ணாடியில ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.