பழைய எம்எக்ஸ்-5 வாங்கப் போகிறீர்களா?

மாங்குளத்துத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, பழைய மஸ்டா எம்எக்ஸ்-5, அதுதான் அந்த மடிப்புக் கூரை ஸ்போர்ட்ஸ் கார், வாங்கலாம் என்றிருக்கிறேன். 1.6 எடுப்பதா, 1.8 எடுப்பதா?"

1989இல் வந்தவை 1.6 லீற்றர் எஞ்சின், 1.8 வந்தது 1993இல். என் தெரிவு 1.8தான். வேகத்துக்காக அல்ல, ஏ9 வீதியில் மாடு குறுக்கிடும் இடங்களில் எந்த வேகமும் உதவாது. 1.8இன் பிரேக் தட்டுகள் பெரியவை.

1.6தான் கிடைக்கிறது என்றால், பொனற்றைத் திறந்து ரோச் அடித்து, எஞ்சினின் முன்பக்கம் கீழே உள்ள கிராங்க் கப்பியைப் பாருங்கள். அதில் நான்கு வெட்டுகள் இருந்தால் அது ஆரம்பகாலக் குட்டை மூக்குத் தண்டு, அதாவது கப்பி பொருந்தும் முன்முனை குட்டையான கிராங்க் தண்டு. கப்பியின் போல்ட் தளர்ந்து, தண்டில் கப்பி நழுவாமல் பிடிக்கும் சாவிப்பள்ளம் தேய்ந்துவிட்டால் தண்டையே மாற்ற நேரிடும். எட்டு வெட்டுகள் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

எந்த மொடலானாலும் துரு பாருங்கள். மடிப்புக் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியாக இறங்கிக் கீழே வெளியேற வேண்டும். நம் செம்மண் புழுதியும் வேப்பஞ்சருகும் அவற்றை அடைத்தால், மாரியில் தண்ணீர் உள்ளேயே தேங்கிக் கதவடிச் சட்டத்தை அரித்துவிடும். கூரையின் பின்மூலையில் அரைப் போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது திரும்பி வந்துவிடுங்கள்.

சேசிஸ் இலக்கம் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் இருக்கும். பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே முற்பணம் கொடுங்கள்.