அந்தத் திட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது: பாறை ஏறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்குத்துப் பாறையில் நமக்கு எப்போதும் தேவைப்படுவது மூன்று. நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு, விரல்களைச் செருகிப் பிடிக்க ஒரு பிளவு, மழை வெயில் படாமல் ஒதுங்க ஒரு பிதுக்கம். பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையும் வௌவாலும் மலைத்தேனீயும் தேடுவதும் இவற்றைத்தான். இதை மறந்து பாறையைக் காலி மனையாக நினைப்பதில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு தரையில் நிற்கும்போதே நடந்துவிடும். ரூட்டை, அதாவது ஏறப்போகும் வழியைப் பார்க்கிற கண் பிடிமானங்களை மட்டுமே தேடும். பைனாகுலரோடு பத்து நிமிடம் நின்று பாருங்கள். திட்டுக்குக் கீழே சுண்ணாம்பு வழிந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது எச்சம். மேலே பறவை தங்குகிறது. பிளவின் ஓரத்தில் பழுப்புப் பிசுக்கும் அதனடியில் அரிசி அளவு கறுப்புப் புழுக்கைகளும் இருந்தால் வௌவாலாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு குச்சியால் அழுத்திப் பாருங்கள். எலிப் புழுக்கை கெட்டியாக இருக்கும். பூச்சி தின்னும் வௌவாலுடையது பொடிந்து, உள்ளே பூச்சி ஓட்டுத் துணுக்குகள் மினுங்கும்.

அடுத்த தவறைத்தான் நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன்: “பறவை பறந்து போய்விட்டது, இனித் தொந்தரவில்லை.” தொந்தரவு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. பொரி வல்லூறு குச்சி வைத்துக் கூடு கட்டுவதில்லை. திட்டில் கிடக்கும் சரளையில் ஒரு பள்ளம் பறித்து, பெரும்பாலும் மூன்று நான்கு முட்டை இடும். அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் ஆறு வாரம். தாய் எழுந்துவிட்டால் முட்டை குளிரும், குஞ்சு வெயிலில் வாடும், அண்டங்காக்கைக்கு வழி திறக்கும். தலைக்கு மேல் வட்டமடித்து ‘கெக்-கெக்-கெக்’ என்று விடாமல் கத்துகிறதென்றால் கூடு பக்கத்தில்தான். சற்று நேரத்தில் கத்தல் நின்றால் “பழகிவிட்டது” என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். சலித்துப்போய் விலகியும் இருக்கலாம். “இன்னும் ஒரு பிட்ச்தானே” (ஒரு கயிற்று நீள ஏற்றம்தானே) என்பது சாக்கு. எந்த வழி சீக்கிரம் வெளியேற்றுமோ அந்த வழியில் போய்விட வேண்டும். பாறு (பிணந்தின்னிக் கழுகு) இனங்களில் பல ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அது போனால் அந்த ஆண்டு போனது.

இதனால்தான் பல நாடுகளில் இனப்பெருக்கக் காலத்தில் சில சுவர்களை மூடுகிறார்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் வல்லூறு இருக்கும் ரூட்டுகள் வழக்கமாக மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை மூடப்படும். பிரிட்டனில் பொரி வல்லூறு போன்ற பறவைகளைக் கூட்டில் வேண்டுமென்றே தொந்தரவு செய்வது 1981 சட்டப்படி குற்றம். அறிவிப்பைப் படிக்காமல், போன வருடம் திறந்திருந்ததே என்று கிளம்புவது சகஜம். பறவை ஆண்டுக்கு ஆண்டு திட்டை மாற்றும். அறிவிப்பும் அதன் பின்னாலேயே மாறும்.

தேனீ விஷயத்தில் தவறினால் விலை கொடுப்பது நாம். மலைத்தேனீயின் ஒற்றை அடை பிதுக்கத்தின் அடியில் திறந்தபடி தொங்கும். தூரத்திலிருந்து கரிய கறை மாதிரி தெரிவது அடையை மூடியிருக்கும் தேனீக்களே. குளவி நெருங்கினால் அவை வரிசையாக வயிற்றைத் தூக்கும். அடை முழுக்க ஓர் அலை ஓடும். அதைப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்றாலே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். ஒன்று கொட்டினால் வாழைப்பழ வாசனையுள்ள ஒரு வேதிப்பொருள் வெளிப்பட்டு மற்றவற்றை அங்கேயே அழைக்கும். கையை வீசினாலும் நசுக்கினாலும் நிலைமை முற்றும். தரையில் நிற்பவராவது ஓடலாம், கயிற்றில் தொங்குபவர் எங்கே ஓடுவார்? பெலே பிடிப்பவர், அதாவது கீழிருந்து கயிற்றைக் கட்டுப்படுத்துபவர், கேள்வி கேட்காமல் உடனே இறக்க வேண்டும் என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி வையுங்கள். கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசிக்காமல் சட்டென்று சுரண்டி எறியுங்கள், வேகம்தான் முக்கியம். புகை போட்டு விரட்டிவிட்டு ஏறும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். அடை தெரியும் சுவரில் ஏறாமல் திரும்புவதே என் வழக்கம்.

வௌவால் அமைதியான குடியிருப்பாளர் என்பதாலேயே அதை மறந்துவிடுகிறோம். பிளவுக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையையோ கேமையோ (பிளவில் செருகிக் கயிற்றை மாட்டும் கருவி) செருகாதீர்கள். உள்ளிருந்து கிரீச்சென்ற சத்தம் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். பிடித்து வெளியே விடுவது உதவி ஆகாது. கடித்தால் பல் தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்; சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, ரேபிஸ் தடுப்பூசிக்கு அன்றே போக வேண்டும். குகைக்குக் கொண்டுபோன கயிற்றைச் சுத்தம் செய்யாமல் இன்னொரு பாறைக்கு எடுத்துப்போவதும் தவறுதான். 2006-இல் நியூயார்க் மாநிலக் குகையொன்றில் முதலில் தென்பட்ட வெள்ளை மூக்கு நோய் என்ற பூஞ்சை நோய், வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது. அந்தப் பூஞ்சை துணியிலும் கருவிகளிலும் ஒட்டிப் பயணிக்கக்கூடியது.

சின்னத் தவறுகளும் உண்டு. நாயை அடிவாரத்தில் அவிழ்த்துவிடுவது, கூட்டருகே டிரோன் பறக்கவிடுவது, கூட்டின் படத்தை இடத்தோடு பகிர்ந்து முட்டைத் திருடருக்கு வழிகாட்டுவது. வியர்வை உப்பு ஊறிய ஹார்னஸை (இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையை) தரையில் போட்டுவிட்டுத் தூங்கினால் கொறிணிகள் வந்துவிடும். கனடாவின் பகபூ மலைகளில் முள்ளம்பன்றிகள் காரின் ரப்பர் குழாய்களையே கடித்துவிடுவதால், வண்டியைச் சுற்றிக் கோழிவலை கட்டிவிட்டுத்தான் ஏறப் போகிறார்கள். கடல் பாறையில் ஃபுல்மார் பறவையை நெருங்கினால் அது உங்கள் மேல் நாற்ற எண்ணெயைக் கக்கும், ஜாக்கெட்டை மறந்துவிடலாம்.

கடைசியாக, பார்த்ததைச் சொல்லாமல் போவது. டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து யோசெமிட்டியில் பொரி வல்லூறுகள் அற்றுப்போன காலத்துக்குப் பிறகு, 1978-இல் அங்குள்ள எல் கேபிட்டன் சுவரில் மீண்டும் கூடு இருப்பதைக் கண்டவர்கள் பாறை ஏறுபவர்களே. எந்த ரூட், எவ்வளவு உயரம், எத்தனை மணி என்று குறித்து, அந்த இடத்தைப் பராமரிப்பவர்களிடம் கொடுங்கள். காலியாக இருக்கிறது என்றாலும் சொல்லுங்கள்; கூடு இல்லை என்று உறுதியானால் குறித்த தேதிக்கு முன்பே சுவரைத் திறந்துவிடுவதும் உண்டு.