பெரிய குழுமத்தோடு சேர்ந்த சின்ன மருத்துவமனை: புதுச் சேவைகளை எங்கே தொடங்குவது, எப்படித் தொடங்குவது

ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஊழியர், நோயாளி, நிர்வாகக் குழு என்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அங்கேயிருந்து எந்த டாக்டர் வரப்போறார்?" இதயத்துக்கு ஒருவர் வருவாரா, நரம்புக்கு ஒருவர் வருவாரா, வாரத்தில் எத்தனை நாள்? சின்ன மருத்துவமனை ஒன்று பெரிய குழுமத்தோடு சேர்ந்து பிரிவு பிரிவாக வளர்ந்ததை நர்சிங் சூப்பரின்டென்டென்டாக உள்ளிருந்து பார்த்தவள் நான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் கேட்க வேண்டியது வேறு. நம்மிடம் வருகிறவர்களில் யார், எதற்காக, திரும்பத் திரும்ப வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள்?

விடையில் பாதி உங்கள் கேஷுவாலிட்டி மேசையிலேயே இருக்கிறது. ரெஃபரல் ரெஜிஸ்டரை எடுத்து, கடந்த ஒரு வருடப் பக்கங்களை மூன்றாகப் பிரியுங்கள். ஒரே தடவை போய்ச் சிகிச்சை முடித்துத் திரும்பியவர்கள் ஒரு பக்கம். வாரா வாரமோ மாதா மாதமோ போக வேண்டியவர்கள் இன்னொரு பக்கம். போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும் நோயாளிகள் மூன்றாவது: பக்கவாதம், மாரடைப்பு, பிரசவ ரத்தப்போக்கு. பிரித்து முடித்ததும் ஒன்றைக் கவனியுங்கள். டயாலிசிஸ் நோயாளி ஒருவர் அந்த ரெஜிஸ்டரில் ஒரே வரியாகத்தான் இருப்பார்: "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்." அதோடு நம் கணக்கில் அவர் முடிந்துபோனார். வாரத்துக்கு மூன்று முறை என்றால் வருடத்துக்கு 156 முறை அவர் போய் வருகிறார் என்பது எந்தப் பக்கத்திலும் பதிவாகாது.

அதனால் ரெஜிஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். லேப் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். வேறு மருத்துவமனைச் சீட்டைக் கொண்டுவந்து ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்த்துப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியும். அநேகமாக அவர்கள் அடுத்த கீமோவுக்குக் கிளம்புகிறவர்கள். பார்மசியில் இருப்பவருக்கு, வெளி மருந்துச் சீட்டோடு மாதா மாதம் வரும் முகங்கள் தெரியும். ஆம்புலன்ஸ் டிரைவரையும் இரவு டூட்டி நர்ஸையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட மறக்காதீர்கள். வழக்கமாக அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

என் கருத்தில், இரண்டாவது பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். திரும்பத் திரும்பப் போகிறவர்களின் அலைச்சலைக் குறைப்பதுதான் சின்ன மருத்துவமனை செய்யக்கூடிய பெரிய காரியம். போகும் வழியிலேயே ஒரு முழு நாள் கரைகிறது, கூடவே ஒருவர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. அலைச்சல் தாங்காமல் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

டயாலிசிஸ் தொடங்குகிறீர்கள் என்றால்

மெஷின் எத்தனை வாங்கலாம் என்றுதான் பேச்சு தொடங்கும். நீங்கள் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு சுமார் 500 மில்லி ஓடுகிறது. நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். மெல்லிய சவ்வு ஒன்றுக்கு இந்தப் பக்கம் நோயாளியின் ரத்தம், அந்தப் பக்கம் இந்தத் தண்ணீர். குடிநீருக்குப் பரவாயில்லை என்று நாம் விட்டுவிடும் குளோரமின் (கிருமி கொல்ல நீரில் சேர்க்கும் குளோரின் வகை) இங்கே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆர்ஓ மட்டும் வைத்தால் போதும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள், போதாது. குளோரினையும் குளோரமினையும் பிடிப்பதற்கு ஆர்ஓவுக்கு முன்னால் கார்பன் தொட்டி வேண்டும், அதுவும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு.

சோதனை இப்படி நடக்க வேண்டும். தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட் ஓடத் தொடங்கி 15 நிமிடமாவது ஆன பிறகு, முதல் தொட்டிக்கும் இரண்டாவது தொட்டிக்கும் நடுவிலுள்ள குழாயிலிருந்து நீர் பிடித்து மொத்தக் குளோரின் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரண்டாவது தொட்டிக்கு அப்புறம் பிடித்துப் பாருங்கள். அங்கேயும் தாண்டினால் யாரையும் மெஷினில் போடக் கூடாது, எவ்வளவு கூட்டம் காத்திருந்தாலும். ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்பும் இந்தச் சோதனை உண்டு. நோட்டில் "ஓகே" என்று எழுத விடாதீர்கள். நேரம், எண், கையெழுத்து, இந்த மூன்றும் இருக்க வேண்டும். "ஓகே" என்று எழுதப் பழகிய கை, ஒரு நாள் பார்க்காமலும் எழுதும். பாக்டீரியா, எண்டோடாக்ஸின் (பாக்டீரியா விட்டுச்செல்லும் நச்சு) சோதனை தனி. அவற்றை மாதா மாதம் அனுப்புவதற்குப் பெரிய மருத்துவமனையின் லேபைப் பிடித்துக்கொள்ளலாம்.

இதில் பெரிய மருத்துவமனையிடம் கேட்டு வாங்க வேண்டியவை: போனில் எப்போதும் கிடைக்கும் நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக டாக்டர்), ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைப்பது) போடவும் அடைத்தால் சரிசெய்யவும் ஒரு சர்ஜன், நோயாளி மோசமானால் கேள்வி கேட்காமல் கிடைக்கும் ஒரு படுக்கை, நம் டெக்னீஷியன்களுக்கு அவர்கள் யூனிட்டில் நேரடிப் பயிற்சி. அவர்களால் தர முடியாதது ஒன்று உண்டு. விடிவதற்கு முன்பே வந்து அந்தக் குழாயைத் திறக்கிற ஆள். அவர் நம் ஆளாக இருக்க வேண்டும், அவர் லீவில் போனால் யார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கரன்ட் போனால் ரத்தத்தைக் கையால் சுற்றி நோயாளிக்குத் திருப்பிக் கொடுக்கும் பயிற்சி எல்லோருக்கும் வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷின், தனி இடம். இடமில்லை என்றால் அவர்களைச் சேர்க்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

கீமோ: பகல் வேலை போலத் தெரியும், இரவில்தான் சோதனை

முதல் சுற்று பெரிய மருத்துவமனையில், அடுத்த சுற்றுகள் நம்மிடம் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். காரணமில்லாமல் சொல்லவில்லை. பாக்ளிடாக்செல் போன்ற மருந்துகளில் கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாவது டோஸில், ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வருகிறது. மருந்தை அங்கேயே கலந்து அனுப்ப முடியுமா, எந்த மருந்து எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை அவர்களுடைய பார்மசிஸ்டிடம் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வின்கிறிஸ்டின் சிரிஞ்சில் வந்தால் ஏற்க மறுத்துவிடுங்கள். தவறி முதுகுத்தண்டில் போனால் உயிரே போகும் மருந்து அது. சின்னப் பையில் கலந்து அனுப்பச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

கீமோ நாற்காலி மாலையோடு காலியாகிவிடும். ஆனால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து நள்ளிரவில் காய்ச்சலோடு அதே நோயாளி கேஷுவாலிட்டிக்கு வருவார். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதனால் கீமோ தொடங்குவதற்கு முன்பே கேஷுவாலிட்டிக்குத்தான் பயிற்சி. நோயாளி கையில் ஒரு அட்டை கொடுங்கள்: "நான் கீமோ எடுப்பவர். காய்ச்சல் என்றால் என்னை வரிசையில் உட்கார வைக்காதீர்கள்." அட்டையைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று செக்யூரிட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் முதலில் பார்ப்பவர் அவர்தானே.

நிமிடக் கணக்கு நோயாளிகள்

பக்கவாதத்துக்கு நியூராலஜிஸ்ட் (நரம்பியல் டாக்டர்) ஊரிலேயே இருக்க வேண்டியதில்லை. சிடி, கேமரா, நல்ல இணைப்பு, மறுமுனையில் உடனே எடுக்கும் ஒருவர், இவ்வளவு இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை இங்கேயே தொடங்கலாம். 1995இல் வந்த ஆய்வு, அறிகுறி தொடங்கி 3 மணி நேரம் வரை அந்த மருந்தால் பலன் உண்டு என்று காட்டியது. 2008இல் அது 4.5 மணி நேரமாக நீண்டது. பெரிய ரத்தக்குழாய் அடைப்பு என்றால், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட அடைப்பை எடுக்க வழியிருக்கிறது. அதற்குத்தான் பெரிய மருத்துவமனை. மருந்தை இங்கே ஏற்றிவிட்டு அங்கே அனுப்பலாம்.

அழைக்க ஒரே எண் இருக்கட்டும். யார் அழைப்பது என்பதும் முடிவாகியிருக்கட்டும். எங்கள் இடத்தில் டிரையாஜ் நர்ஸே (வருகிறவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பவர்) அழைக்கலாம், டூட்டி டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்று கூட வந்தவரிடம் கேட்டு எழுதுங்கள். "காலையில் எழுந்தபோது கை வரவில்லை" என்றால் அறிகுறி தொடங்கியது காலையில் என்று எழுதக் கூடாது. இரவு படுக்கப் போன நேரம்தான் கணக்கு. எடை, சர்க்கரை, பிரஷர் 185/110க்குக் கீழே வந்துவிட்டதா, இந்த மூன்றும் கேமரா ஆன் ஆகும்போதே கையில் இருக்கட்டும். தொலைவிலிருந்து பார்க்கும் டாக்டருக்கு நம் மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கும் அனுமதி முறைப்படி தரப்பட்டிருக்க வேண்டும். இந்தக் காகித வேலைதான் எல்லாவற்றையும்விட இழுக்கும். முதல் நாளே தொடங்குங்கள்.

மாரடைப்புக்கு: வந்த 10 நிமிடத்தில் ஈசிஜி. 120 நிமிடத்துக்குள் அங்கே பலூன் போட்டு இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்க முடியும் என்றால் அனுப்புங்கள், முடியாது என்றால் இங்கேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து. வழி எவ்வளவு நேரம் என்பதை மழைக் காலத்திலும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டாக்டர் வருவது பற்றி

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். வாரம் ஒரு நாள் ஸ்பெஷலிஸ்ட் ஓபி நல்லதுதான். ஆனால் அங்கே பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இங்கேயே சிகிச்சை முடிந்தது என்று மாதா மாதம் எண்ணுங்கள். எல்லோரும் பெரிய மருத்துவமனைக்கே போகிறார்கள் என்றால் அது நம் சேவை ஆகாது, அவர்களுடைய வாசல்தான் நம் கட்டடத்துக்குள் வந்திருக்கிறது.

அதைவிட நான் அடித்துக் கேட்கச் சொல்வது, நம் டூட்டி டாக்டர்களை வளர்க்கும் ஏற்பாட்டை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003இல் 'புராஜெக்ட் எக்கோ' தொடங்கினார். ஹெபடைடிஸ் சி நோயாளிகளை நகரத்துக்கு வரவழைக்காமல், கிராமத்து டாக்டர்களோடு வாராவாரம் வீடியோவில் உட்கார்ந்து அவர்களுடைய நோயாளிகளைப் பற்றிப் பேசினார்கள். 2011இல் வெளியான ஆய்வில், பல்கலைக்கழக கிளினிக்கில் 57.5 சதவீதம் பேர் குணமானார்கள், கிராமப்புற மையங்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம். வித்தியாசமே இல்லை. ஸ்பெஷலிஸ்ட் விடுப்பில் போனால் ஓபி நின்றுவிடும். நம் டாக்டர் கற்றுக்கொண்டது நம்மிடமே இருக்கும்.

இழக்கக் கூடாதவை

சேர்ந்தால் தரம் தானாக உயரும் என்று யாராவது சொன்னால், 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வைக் காட்டுங்கள். அமெரிக்காவில் கைமாறிய 246 மருத்துவமனைகளைப் பார்த்ததில், இறப்பு விகிதத்திலும் மறு அட்மிஷனிலும் குறிப்பிடும்படி மாற்றமில்லை. நோயாளிகளின் அனுபவம் மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தது. ஏன் சரியும் என்பது வார்டில் இருப்பவர்களுக்குப் புரியும். பழைய போன் நம்பர் கால் சென்டருக்குப் போய்விடும், பெயர் சொன்னாலே தெரிந்துகொள்ளும் ஆள் அங்கே இருக்க மாட்டார். நம்பரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிரசவப் பிரிவு போன்ற செலவு பிடித்த பிரிவுகளை மூடுவதென்றால் எவ்வளவு முன்னறிவிப்பு, யார் ஒப்புதல் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கையெழுத்தான பிறகு கேட்டால் கிடைக்காது. கம்ப்யூட்டர் பதிவுகளை ஒன்றாக்கும்போது ஒரே பெயரில் இருவர் ஒருவராகிவிடுவதும், மருந்து ஒவ்வாமைக் குறிப்பு விட்டுப்போவதும் நடக்கும். ஒவ்வாமையை மட்டுமாவது நர்ஸ்கள் நோயாளியிடமே திரும்பக் கேட்டுப் பதியட்டும்.

போர்டு மாட்டுவது கடைசி வேலை. மாட்டும்போது "24 மணி நேரமும்" என்ற சொல்லை, இரவு ரோஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும் எழுதுங்கள். சிடி டெக்னீஷியன் இரவில் இல்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால், சுற்றியுள்ள ஆம்புலன்ஸ்காரர்களை நேரில் உட்கார வைத்து, எந்த நோயாளியை எந்த நேரத்தில் நம்மிடம் கொண்டுவரலாம், யாரை நிற்காமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ரோஸ்டர் மாறினால் அந்தப் பக்கத்தையும் அன்றைக்கே மாற்றிக் கொடுக்க வேண்டும்.