பழைய பெட்ரோல் காரில் ஐடிலிங் அவ்வப்போது ஏறுகிறதா?

எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) காரில் இன்ஜின் சூடானபின் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், சுமார் 750 முதல் 900 ஆர்பிஎம்முக்குள் நிற்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் 1,200க்கு மேல் போவதும், ஏசி போட்டால் சற்று ஏறுவதும் இயல்பு. சூடான பிறகும் சில நேரம் மட்டும் 1,500, 2,000 என்று நின்றால்தான் கோளாறு.

அது ஏறி நிற்கும் நேரத்திலேயே பிடிக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பானட்டைத் திறந்து, த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் தகடு ஒன்றால் கட்டுப்படுத்தும் பாகம்) ஆக்சிலரேட்டர் கேபிள் மாட்டியிருக்கும் லிவரை மூடும் பக்கமாகக் கையால் தள்ளுங்கள். ஆர்பிஎம் இறங்கினால் கேபிள் இறுகுகிறது, அல்லது த்ராட்டில் தகட்டில் கரி படிந்திருக்கிறது.

இறங்கவில்லையா? வேறு வழியில் காற்று நுழைகிறது. பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள்ளே சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ் என வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடியுங்கள். எதை அழுத்தும்போது இறங்குகிறதோ, கசிவு அந்த வழியில்தான். ரப்பர் வெடிப்பு சூடு மாறும்போது விரியவோ மூடிக்கொள்ளவோ செய்யலாம். கோளாறு வந்து வந்து போக இதுவும் ஒரு காரணம். இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சோப்புத் தண்ணீர் தெளித்தாலே போதும், சூடான இன்ஜினில் கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்தால் தீப்பிடிக்கலாம்.

ஹோஸ்கள் சரியென்றால் ஐடில் வால்வை (ஐடிலிங்கின்போது போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது) கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யுங்கள். கூலன்ட் அளவையும் பாருங்கள்: குறைந்தால் டெம்பரேச்சர் சென்சாரைச் சுற்றிக் காற்று நின்று, இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணி இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஐடிலிங்கை ஏற்றிவிடும்.

காரணம் தெரியும்முன் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவை (த்ராட்டில் தகடு எவ்வளவு மூடும் என்பதை நிர்ணயிக்கும் திருகு) திருப்பவே கூடாது.