பிஎச்.டி.யை விட்டுவிட்டு ராமநாதபுரம் கடலோர ஊருக்கு வருகிறீர்களா?

முடிவெடுத்த அன்றே ராமேஸ்வரம் ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். விலகல் கடிதம் கொடுத்த பிறகு பல்கலைக்கழக மின்னஞ்சலை எப்போது முடக்குவார்கள் என்று சொல்ல முடியாது. கட்டுரை ஏற்புக் கடிதம், உதவித்தொகை ஆணை எல்லாவற்றையும் முன்பே சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆய்வுத் தரவை மட்டும் நெறியாளரிடம் கேட்டுவிட்டு நகல் எடுங்கள்.

அப்புறம் 'நோ டியூஸ்', அதாவது பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று. நூலகம், விடுதி, ஆய்வகம், கணக்குப் பிரிவு என்று மேசை மேசையாகக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் லீவு என்றால் தாள் அங்கேயே கிடக்கும். தொண்டியில் உட்கார்ந்துகொண்டு இதை முடிப்பது பெரும்பாடு. சேரும்போது கொடுத்த அசல் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே பெட்டி கட்டுங்கள். உதவித்தொகை வாங்கியவர்கள் விலகும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பின் வரவான பணத்தைச் செலவழிக்க வேண்டாம், திருப்பிக் கேட்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் புத்தகப் பெட்டிகளை அனுப்பினால் மழையில் நனையும். நம் கடலோர உப்புக்காற்றுக்கு லேப்டாப்பின் இணைப்பு முனைகளும் தப்பாது. ஹார்டு டிஸ்க்கை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

வீட்டுக்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள். தெருவில் கேட்பவர்களுக்கு 'வேலை தேடுறேன்' போதும், விளக்கம் வேண்டாம். கடல்சார் துறை என்றால், மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தின் திட்டப்பணி அறிவிப்புகளைப் பாருங்கள். முதுகலைப் பட்டத்தோடு விண்ணப்பிக்கக்கூடியவையும் வரும்.